ரிஜிஸ்தரில் பெயர் இல்லாதவள்

சென்னை
18-8-74, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜவஹருக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும், சைதாப்பேட்டையில் உன் தங்கை முத்துலட்சுமியும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ பிலாயில் வேளைக்குச் சாப்பிட்டு, ஆபத்தில்லாமல் வேலைக்குப் போய் வர வடபழனி முருகனை வேண்டிக்கொள்கிறேன். முத்துலட்சுமிக்கு இது ஆறாம் மாதம், கார்த்திகையில் பிறக்கும் என்று லேடி டாக்டர் சொல்லியிருக்கிறாள், கால் கொஞ்சம் வீங்குகிறது, உப்பைக் குறைக்கச் சொன்னால் கேட்பதில்லை. இங்கே மழை இல்லை, குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம் வந்தால் அதிகம், அரிசி ரேஷனில் கிடைப்பதை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். நீ எழுதிய மூன்று கடிதமும் வந்து சேர்ந்தன. மூன்றிலும் ஒரே கேள்விதான் கேட்டிருந்தாய், கூட்டின சம்பளம் ஒழுங்காக வருகிறதா, புஷ்பம் அத்தை இப்போது சந்தோஷமாக இருக்கிறார்களா என்று. நான் மூன்று தடவையும் ஒரு கார்டில் எல்லோரும் சௌக்கியம் என்று நான்கு வரி எழுதிப் போட்டேன். அது உண்மை இல்லை ஜவஹர். இன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன், பக்கம் அதிகமாகப் போனாலும் பொறுமையாகப் படி, நடுவில் நிறுத்திவிட்டு எதையும் முடிவு செய்துகொள்ளாதே.

முதலிலிருந்து எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். உன் அப்பா இருந்தவரை அந்த ஹோட்டலில் சரக்கு மாஸ்டர், அவர் கைப் பக்குவத்துக்காகவே உஸ்மான் ரோட்டிலிருந்து அந்தச் சந்துக்குள் ஆட்கள் வருவார்கள். அவர் போன பதினாறாம் நாள் முதலாளி கருணாகரன் என்னைக் கூப்பிட்டுப் பின்கட்டில் மாவு ஆட்டும் வேலையும், சந்தில் கடைசி அறையையும் கொடுத்தார், அதனால்தான் நீ படித்தாய், முத்துலட்சுமிக்குக் கல்யாணம் ஆயிற்று, அதை நான் என்றைக்கும் மறுத்துப் பேசியதில்லை. ஆறு கல்லுக்கு ஆறு பெண்கள் உட்கார்ந்து விடியற்காலையிலிருந்து சாயந்திரம் வரை அரிசியும் உளுந்தும் ஆட்டுவோம். எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னையே தலைமையாக வைத்தார். எல்லோருக்கும் மாதம் அறுபது ரூபாய். என் பக்கத்துக் கல் புஷ்பத்துடையது, புருஷன் எங்கேயோ போய்விட்டான், ஒரே மகளைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுக் கோடம்பாக்கம் குடிசையில் தனியாக இருந்தாள், பதினோரு வருஷம் நாங்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்து மாவு வழித்திருக்கிறோம். போன தீபாவளிக்கு முன்பு ஹோட்டல் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தி அரசாங்க உத்தரவு வந்தபோது முதலாளி புது ரிஜிஸ்தர் ஒன்று வாங்கி வந்தார். அதில் எங்கள் பெயருக்கு நேரே நூற்றுப் பத்து என்று எழுதியிருக்கும், கையில் அறுபதுதான் வரும். எந்த இடத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று மற்ற ஐந்து பேருக்கும் காட்டிக்கொடுத்தவளே நான்தான்.

பொங்கலுக்கு நீ லீவில் வந்தபோது இதைப் பேச்சுவாக்கில் உன்னிடம் சொன்னேன். நீ சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தாய், எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் ஆறு பேரையும் நம் அறைக்குள் உட்கார வைத்து லேபர் ஆபீசுக்கு மனு எழுதினாய். உன் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, நான் அதை வாசித்துக் காட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது. மற்றவர்கள் சரி என்றார்கள், புஷ்பம் ஒருத்திதான் பின்னால் நகர்ந்து நகர்ந்து கதவோரம் போய் உட்கார்ந்தாள். இருக்கிறதும் பூடும் தம்பி, அறுபதுன்னாலும் அது கைக்கு வருது, அது இல்லன்னா நான் எங்க போவேன் என்றாள். நீ அவளிடம் ஒரு மணி நேரம் பேசினாய், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றாய். அதற்கும் அவள் அசையவில்லை. கடைசியில் நான்தான் அவள் கையைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி மனுவில் வைத்தேன், என் பிள்ளை சொல்கிறான், நமக்குக் கெடுதல் சொல்வானா என்று கேட்டேன். மறு வாரம் நீ ரயில் ஏறிவிட்டாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, உனக்கு லீவு அவ்வளவுதான். ஆனால் இனி எங்கேயாவது யாருக்காவது மனு எழுதிக் கொடுத்தால் அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்று கூட இருந்து பார்க்க முடியுமா என்று யோசித்துவிட்டு எழுது, அம்மா சொல்வது இவ்வளவுதான்.

மனு போய்ப் பதினைந்து நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார், சந்திரமௌலி என்று பெயர், காபி கொடுத்தால் கூடக் காசு வைத்துவிட்டுக் குடிக்கிற மனிதர். ரிஜிஸ்தரைப் பார்த்தார், எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், முதலாளியிடம் அடுத்த மாதம் முதல் முழுச் சம்பளம் கொடுக்காவிட்டால் கேஸ் போடுவேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மார்ச் மாதம் முதல் தேதி எங்கள் கையில் நூற்றுப் பத்து ரூபாய் வந்தது. அந்த நாளைப் பற்றியும் நான் எழுதத்தான் வேண்டும். கன்னியம்மா என்று ஒருத்தி, நாலாவது கல், அவள் அடகில் இருந்த பித்தளைக் குடத்தை மீட்டுக்கொண்டு இடுப்பில் வைத்தபடி ஹோட்டலுக்கே வந்து காட்டிவிட்டுப் போனாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டேன், இந்தக் கடிதத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். புஷ்பம் ரங்கநாதன் தெருவில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள், நாற்பத்தெட்டு வயதில் முதல் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு நடக்கத் தெரியாமல் ஒரு வாரம் கையில்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். அறுபது ரூபாய் அநியாயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அதனால் சம்பளத்தைக் கூட்டியது தப்பு என்று என் வாயால் இன்றைக்கும் சொல்ல மாட்டேன், நீயும் அப்படி நினைத்துக் குமைய வேண்டாம்.

முதலாளி முகம் அந்த மாதமே மாறிவிட்டது. கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை, உளுந்து விலையும் எண்ணெய் விலையும் ஏறின ஏற்றம் உனக்கும் தெரிந்திருக்கும், அதோடு சப்ளையர், கிளீனர் எல்லோருக்கும் சேர்த்துச் சம்பளம் கூடிற்று. இட்லிக்கு ஐந்து பைசா ஏற்றிப் பார்த்தார், காலையில் வருகிற ஆபீஸ்காரர்கள் பாதிப்பேர் எதிர்ச் சந்தில் உள்ள கையேந்தி பவனுக்குப் போய்விட்டார்கள், அங்கே புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்கிறார்கள், அவர்களுக்கு ரிஜிஸ்தரும் இல்லை இன்ஸ்பெக்டரும் இல்லை. பாண்டி பஜாரில் இருக்கிற பெரிய ஹோட்டலில் அதே சம்பளத்தைக் கொடுத்து ஒரு ஆளையும் நிறுத்தவில்லை, அவர்களுக்கு ஏ.சி. அறை இருக்கிறது, கல்யாண ஆர்டர் இருக்கிறது. நம்முடையது எட்டு மேஜை ஹோட்டல். சித்திரை பிறந்த மறு வாரம் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஒரு கிரைண்டர் வந்து இறங்கியது. இராயப்பேட்டையிலிருந்து இனாயத் என்கிற மெக்கானிக் வந்து அதைப் பூட்டினார். நம் கல்லில் குழவி சுற்றும், இதில் குழவி நிற்கிறது, உரல் சுற்றுகிறது. நாங்கள் ஆறு பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் எங்களுடைய அரை நாள் வேலையை அது முடித்துவிட்டது. அப்போதும் புஷ்பம்தான் முதலில் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, நம்ம கணக்கு முடிஞ்சிபோச்சி என்றாள். மறுநாள் ஐந்து பேருக்கும் சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கைநாட்டு வாங்கி அனுப்பிவிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவள், ஸ்விட்சைப் பார்த்துப் போடுவாள் என்று என்னை மட்டும் மெஷினுக்கு வைத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஐந்து பேரும் ஒரு நாள் கிளம்பி லேபர் ஆபீசுக்குப் போனார்கள். எதற்கு என்று நினைக்கிறாய், எங்களுக்குப் பழைய அறுபது ரூபாயே போதும், அதற்கே வேலை செய்ய எங்களுக்குச் சம்மதம், முதலாளியிடம் சொல்லி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு. குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறேன் என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று அங்கே இருந்த கிளார்க் சொல்லியிருக்கிறார். எங்க இஸ்டத்துக்குத்தானே செய்றோம், அது எப்டிங்க குத்தம் ஆவும் என்று புஷ்பம் கேட்டாளாம். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வருகிற வழியில் ஹோட்டல் பின்பக்கம் வந்து என்னிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனார்கள், ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கன்னியம்மா மயிலாப்பூரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், மூன்றும் சேர்ந்து நாற்பது ரூபாய் வருகிறது. இரண்டு பேர் கே.கே. நகரில் புது வீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலைக்குப் போனார்கள், அங்கே மேஸ்திரி கொடுப்பதுதான் கூலி, அதற்கும் அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. ஒருத்தி ஊருக்குப் போய்விட்டாள். புஷ்பம் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் அமையாமல் இருந்தாள்.

அப்போதுதான் கரண்ட் கட் அதிகமாயிற்று, தினம் மத்தியானம் மூன்று மணி நேரம், சில நாள் நான்கு. மெஷின் நின்றால் சாயந்திர டிபனுக்கு மாவு இல்லை. முதலாளி என்னிடம் வந்து, புஷ்பத்தைக் கூப்பிட முடியுமா, மத்தியானத்துக்கு மட்டும் வந்து கல்லில் ஆட்டிக் கொடுக்கட்டும், நாளைக்கு ஒரு ரூபாய் தருகிறேன், பெயர் ரிஜிஸ்தரில் ஏறாது என்றார். போய்க் கூப்பிட்டவள் நான்தான். அவள் யோசிக்கவே இல்லை, செருப்பைக் கூடப் போடாமல் என்னோடு கிளம்பிவிட்டாள். பின்சந்து வழியாக வருவாள், ஆட்டிவிட்டுப் பின்சந்து வழியாகப் போவாள். ஒரு ரூபாய்க்கு நாலு மணி நேரமா என்று நான் ஒரு நாள் கேட்டேன். நீ சும்மா இரு பங்கஜம், இதையும் யார்னா வந்து ஒசத்திடப் போறாங்க என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மே மாதம் ரயில்வே ஸ்டிரைக் நடந்ததே, தபால் ஒன்றும் போகாமல் இருந்த வாரம், அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் கரண்ட் போய் அரை மணி ஆகியிருக்கும், புஷ்பம் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் முன்பக்கம் வந்து நிற்கிறார் என்று சப்ளையர் தணிகாசலம் ஓடிவந்து சொன்னார். முதலாளி ஒரே எட்டில் பின்கட்டுக்கு வந்து புஷ்பத்தை விறகு அறைக்குள் போகச் சொல்லி வெளியே தாழ்ப்பாள் போட்டார். அந்த அறையை உனக்குத் தெரியும், தகரக் கூரை, ஜன்னல் கிடையாது, சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. அக்கினி நட்சத்திரம். ஐந்து நிமிஷத்தில் போய்விடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சந்திரமௌலி அன்றைக்கு ரிஜிஸ்தர், வவுச்சர், லீவுச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பின்கட்டில் காற்று வருகிறது என்று அங்கேயே பெஞ்சைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கல்லில் பாதி ஆட்டிய மாவு இருந்தது, நான்தான் ஆட்டுகிறேன் என்று காட்ட நான் அதில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவள் போடவில்லை. போட்டால் அந்த ஒரு ரூபாயும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்றரை மணி நேரம் கழிந்திருக்கும், உள்ளேயிருந்து திடும் என்று ஒரு சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தி என்ன சத்தம் என்று கேட்டார். விறகு சரிஞ்சிருக்கும் சார், அடுக்கினவன் சரியா அடுக்கலை என்றார் முதலாளி. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஜவஹர், விறகு சரிந்தால் கடகடவென்று நாலைந்து சத்தம் வரும். இது ஒரே சத்தம். எனக்கு அது அப்போதே தெரியும். தெரியாத மாதிரி என் கை மாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் அரை மணி நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு, ஏம்மா, இந்தக் கல்லிலே உங்களைத் தவிர வேறு யாராவது வேலை பார்க்கிறாங்களா, பயப்படாம சொல்லுங்க என்றார். யாரும் இல்லை சார் என்றேன். எழுதிக் கொடுத்தார், வாசித்துப் பார்த்தேன், நான் ஒருத்திதான் மாவு ஆட்டுகிறேன், வேறு பெண்கள் யாரும் வேலைக்கு வருவதில்லை என்று இருந்தது, கீழே பங்கஜம் என்று கையெழுத்துப் போட்டேன். அவளுடைய பிழைப்புக்காகப் பொய் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலைக்காகவும், உன் அப்பா போன பிறகு கிடைத்த அந்த அறைக்காகவும் சேர்த்துத்தான் சொன்னேன். இதை நான் உன் தங்கையிடம் கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அவர் படி இறங்கிய பிறகு தாழ்ப்பாளைத் திறந்தோம். விறகு அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. புஷ்பம் கதவோரம் குப்புறக் கிடந்தாள், புடவை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள், முனகல் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று. முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண் திறந்தாள், ஆனால் வாய் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது, வலது கையும் வலது காலும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. தணிகாசலமும் நானும் ரிக்ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு இருந்திருக்கும், வெக்கையிலும் பயத்திலும் ஏறிவிட்டது என்றார் டாக்டர். எங்கே விழுந்தாள் என்று கேட்டார், வீட்டில் என்று சொல்லச் சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார், நான் வீட்டில் என்றேன். ஏழு வாரம் அங்கே இருந்தாள். முதலாளி நூறு ரூபாய் கொடுத்தார், ஒரு தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தும் பார்த்தார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வார்டில் இருந்த ஒருவர், வேலை செய்கிற இடத்தில் நேர்ந்தது என்றால் நஷ்ட ஈடு கேட்கலாமே என்று புஷ்பத்தின் மகளிடம் சொல்ல, அவள் வந்து கேட்டபோது, உங்கம்மா ஏப்ரல்லயே கணக்கு முடிச்சுப் போயாச்சு, அதுக்கப்புறம் இங்கே வேலையே பார்க்கலை, சந்தேகம்னா பங்கஜம் எழுதிக் கொடுத்த காகிதம் லேபர் ஆபீசிலேயே இருக்கு, போய்ப் பார்த்துக்கோ என்றார். அந்தப் பெண் அப்படியே திரும்பி மெஷின் பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். அம்மாவைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனாள், அங்கே மாமியார் வீட்டில் ஒரு வாரம்தான் வைத்துக்கொள்ள முடிந்தது, மறுபடி கோடம்பாக்கத்துக் குடிசையிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள், பாவம் அவளுக்கும் மூன்று குழந்தை.

நான் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போய் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பக்கத்துக் குடிசைக்காரியிடம் சொல்லிவிட்டு வருவேன். ஒரு நாள் காலையில் போனபோது கஞ்சிப் பாத்திரத்தை நாய் உருட்டிவிட்டுப் போயிருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள், விரட்டக் குரல் எழும்பவில்லை. அன்றைக்கு நான் ஹோட்டலுக்குப் போகவில்லை. நேராக லேபர் ஆபீசுக்குப் போனேன், அது ஐந்தாம் தேதி திங்கட்கிழமை. சந்திரமௌலி நான் சொன்னதை எல்லாம் நடுவில் பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, அந்தச் சத்தம் நானும் கேட்டேம்மா, எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கணும், உங்க முகத்தைப் பார்த்து நம்பிட்டேன் என்றார். பிறகு, முதலில் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதற்கு உங்கள் மேலேயும் நடவடிக்கை வரலாம், தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். புது வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் விசாரணை, நஷ்ட ஈடு எவ்வளவு வரும், எப்போது வரும், வருமா என்பதெல்லாம் அவர் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

முதலாளிக்கு அன்று சாயந்திரமே தெரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. உன் புருஷன் போனப்போ உன்னை நான் தெருவில விட்டேனா பங்கஜம் என்று மட்டும் கேட்டார். வேலையை விட்டு நிறுத்தி, பதினைந்தாம் தேதிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். கேஸ் நடந்தால் தீபாவளியோடு ஹோட்டலை மூடிவிட்டு இடத்தை ஜவுளிக்கடைக்கு வாடகைக்கு விடப் போவதாகச் சொல்கிறாராம், மற்றவர்கள் எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள். தணிகாசலம், அன்றைக்கு என்னோடு சேர்ந்து புஷ்பத்தைத் தூக்கியவர், சாமான் எடுக்க நான் போனபோது வாசலில் நின்று, இருபது குடும்பம் கீது அக்கா இங்க, நீ ஒரு குடும்பத்தைப் பார்த்துட்டியே என்றார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டின சம்பளத்தில் பிள்ளையை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்த கிளீனர் ஒருவர் இருக்கிறார், அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. முத்துலட்சுமிக்கும் கோபம், வாயை மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதாம்மா, பிரசவத்துக்கு நான் எந்த வீட்டுக்கு வருவேன் என்று அழுதாள். அவளுக்கு நீ ஒரு கடிதம் போடு, மாசமாக இருக்கிறவள் மனது சஞ்சலப்படக் கூடாது.

நான் புஷ்பத்தோடு வந்து இருக்கிறேன். அவளுடைய கல் ஒன்று குடிசையிலேயே இருந்தது, அதில் இரண்டு படி ஆட்டி, விடியற்காலையில் இட்லி ஊற்றி, ஸ்டூடியோ வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்கிறேன், சாப்பாட்டுக்கு ஆகிறது, அவள் மருந்துக்கு ஆகவில்லை. நீ மாதாமாதம் அனுப்புகிறதற்கு மேல் நான் கேட்டதே இல்லை, இந்த மாதத்திலிருந்து ஒரு பத்து ரூபாய் சேர்த்து அனுப்ப முடியுமா பார், முடியாவிட்டால் வட்டிக்கு வாங்கி அனுப்பாதே. வந்த அன்றைக்கே அந்தச் சத்தத்தைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன், எனக்குத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்று. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் நான் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் குழறிக்கொண்டே, முதுகுல புண்ணு எரியுது, தண்ணி வெச்சித் துடைச்சி வுடு என்றாள். தண்ணீர் வைத்துத் துடைத்துவிட்டேன். உன்னைப் பற்றி அவள் நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் இனிமேல் உனக்குப் பொய் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

நீ இதைப் படித்துவிட்டு உடனே லீவு போட்டு ஓடிவர வேண்டாம், வேலை பத்திரம். விசாரணைக்கு நான் போவேன், எனக்குப் பேசத் தெரியும். அங்கே உங்கள் ஆலையில் கான்டிராக்ட் கூலிகள் இருப்பார்களே, அவர்களோடு பழகு, அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள், அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடாதே. சூட்டில் நின்று வேலை செய்கிறவன், வந்ததும் குளிர்ந்த தண்ணீரைக் குடிக்காதே. எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நீண்ட ஆயுளோடும், நல்ல பெயரோடும், மனதில் பாரம் இல்லாமலும் இருக்க வேண்டும், இதுதான் என்னுடைய ஒரே வேண்டுதல். பதில் போடும்போது தியாகராய நகர் விலாசத்துக்கு எழுதிவிடாதே, அங்கே வாங்கி வைக்க யாரும் இல்லை. புது விலாசம் கடைசியில் எழுதியிருக்கிறேன், ஆனால் உறை மேல் என் பெயரைப் போடாமல் புஷ்பம் என்றே போடு. இந்தக் குடிசைகளுக்கு நம்பர் கிடையாது, இங்கே வருகிற தபால்காரருக்கு அவளைத்தான் தெரியும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
பங்கஜம்

விலாசம்:
புஷ்பம்,
ரயில்வே கேட் அருகில், குடிசைப் பகுதி,
கோடம்பாக்கம், சென்னை-24